சக்கர வீடும் பத்தாவது ஆளும்

1

என் தம்பி குமரன் யாங்கூனிலிருந்து ஞாயிறுதோறும் கூப்பிடுவான். மற்றவர்களின் தம்பிகள் அக்காவிடம் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். இவன் முதலில் கேட்பது, "அக்கா, இப்ப எங்க இருக்கீங்க?" என்றுதான். நான்கு வருஷமாக ஒரே கேள்வி, வாராவாரம் வேறு பதில். அவன்மேல் குற்றமில்லை. அமெரிக்காவில் எங்களுக்கு வீடு கிடையாது. லாரி நீளத்துக்கு ஒரு வண்டி இருக்கிறது. அதற்குள் அடுப்பு, குளியலறை, நான்கு படுக்கை, ஒரு மேசை. அந்த மேசைதான் சாப்பாட்டு மேசை, என் கணவர் டேனியலின் ஆபீஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம்.

"யூதனைக் கட்டிக்கிட்டுப் போனவ நாடோடியாத் திரியுறாளாம்" என்று எங்கள் பேட்டை போட்டாதாங்கில் பேச்சு இருப்பதாகக் குமரன் சொன்னான். திரிகிறேன்தான். ஏனோதானோ என்று திரியவில்லை. நம் யாங்கூன் தமிழர் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்று நீங்கள் கேட்டபோது இதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு இந்த அக்டோபரில் நடந்ததைச் சொன்னாலே போதும்.

2

வண்டி வாழ்க்கை கஷ்டம் என்று இங்கே எல்லோரும் பயமுறுத்தினார்கள். தண்ணீரை அளந்து செலவழிக்க வேண்டும், பேட்டரி தீர்ந்தால் இருட்டு, மின்சாரம் கிடைக்கும் இடத்தில் எல்லா வேலையையும் முடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கீழே டிரம்மில் தண்ணீர் பிடித்துவைத்து, கரண்டு வந்த நிமிஷத்தில் மோட்டார், இஸ்திரிப் பெட்டி, சோற்றுக் குக்கர் மூன்றையும் ஒன்றாகப் போட்டு வளர்ந்தவளிடம் சொல்கிற பயமா இது? இப்போதும் குமரன் பேசிக்கொண்டே இருப்பான், தெரு முழுக்க "மீ லாபி" என்று சத்தம் கேட்கும். "அக்கா, கரண்டு வந்துருச்சு, மோட்டார் போடணும்" என்று பாதியில் வைத்துவிடுவான். நான் கோபித்துக்கொள்வதில்லை. எனக்கும் அந்த நேரத்தில் ஒரு குழாய் திறந்து கிடக்கும்.

காலை எட்டு மணிக்குப் பள்ளி. கணக்கும் அறிவியலும் டேனியல். தமிழும் பூகோளமும் நான். எபிரேயம் இருவருக்கும் சேர்த்து டேனியல். பின்னால் உட்கார்ந்து நானும் படிக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பே இரண்டு வருஷம் படித்து, முறைப்படி தண்ணீரில் மூழ்கி எழுந்து நான் யூதச்சி ஆனேன். குமரன் அதை ஏற்றுக்கொண்டான். நம் மீன்விழுது ங்கப்பியை விட்டதைத்தான் இன்னும் நம்பவில்லை. செதிள் இல்லாத மீனும் இறாலும் எங்களுக்கு ஆகாது. "கெளுத்தி இல்லாம மோஹிங்காவா, ங்கப்பி இல்லாம சோறா" என்று எங்கள் காலை மீன்குழம்பு நூடுல்ஸுக்குத் துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்பான்.

மகன் பென்னிக்கு ஏழு வயது. எதற்கும் சரி என்பான். மகள் மிரியத்துக்கு இந்த அக்டோபரில் பதின்மூன்று முடிந்தது. அவளிடம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். குமரனின் பிள்ளைகள் தமிழில் கேட்டால் ஆமாம் என்பதற்குப் பர்மியத்தில் "ஹோட்கே" என்பதுபோலத்தான். தம்பியும் நானும் இந்த விஷயத்தில் ஒருவரையொருவர் குத்திக்காட்டுவதில்லை.

மிரியத்துக்கு இந்த வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. பள்ளிக்கூடத்து வராந்தாவில் வரிசையாக இரும்பு அலமாரி இருக்குமே, ஆளுக்கொன்று, பூட்டுப் போட்டு, அதில் ஒன்று அவளுக்கு வேண்டும். "ராத்திரி நான் வைத்த பொருள் காலையில் அதே ஊரில் இருக்க வேண்டும்" என்றாள் ஒருநாள்.

3

எனக்கும் யூதர்களுக்கும் உள்ள சம்பந்தம் யாங்கூனில் லத்தா பக்கத்தில் ஒரு பெயிண்ட் கடையில் ஆரம்பித்தது. பள்ளி முடித்ததும் அங்கே பில் போடச் சேர்ந்தேன். எதிரே, வெளியே தெரியாமல், யூதர்களின் பழைய கோயில். உள்ளூர் யூதர்கள் விரல்விட்டு எண்ணுமளவுக்குக் குறைந்துபோயிருந்தார்கள். பத்துப் பேர் கூடினால்தான் சில ஜெபங்களைச் சொல்லலாம், ஏட்டுச் சுருளைத் திறந்து வாசிக்கலாம். வெளிநாட்டுப் பயணிகள் வந்து சேரும் நாட்களில்தான் பத்து ஆகும்.

ஒரு சனிக்கிழமை வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் எண்ணிக்கொண்டார்கள். ஒன்று இரண்டு என்று எண்ணவில்லை. மனிதர்களை எண் போட்டு எண்ணக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். வேதத்தில் பத்துச் சொல் கொண்ட ஒரு வசனத்தை எடுத்து, ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். அன்று கடைசிச் சொல்லுக்கு ஆள் இல்லை. அவர்கள் தெருவைப் பார்த்தார்கள். தெருவில் டப்பா அடுக்கிக்கொண்டு நான் நின்றேன்.

"நாம போய் ஒப்பேத்த முடியாதா முதலாளி?" என்று கடை பாயிடம் கேட்டேன்.

"முடியாதும்மா. அவங்க ஆளுதான் வேணும்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் வியர்த்து விறுவிறுத்து ஒரு வெள்ளைக்கார வாலிபர் கடைக்குள் வந்து வழி கேட்டார். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க யாங்கூன் வந்தவர். எதிர் வாசலைக் காட்டினேன். பத்தாவது ஆள் அவர்தான், டேனியல். திங்கட்கிழமை வந்து நன்றி சொன்னார். செவ்வாய்க்கிழமையும் வந்து சொன்னார். வெள்ளைச் சுண்ணாம்பு ஒரு டப்பா வாங்கினார், அவர் தங்கியிருந்ததோ ஹோட்டல் அறை.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பத்துச் சொல் வழக்கத்தைப் பார்த்து நானும் தமிழில் பத்துச் சொல் கட்டினேன். வண்டியில் சாப்பாட்டு நேரத்தில் அதைத்தான் கத்துவேன்: "சோறு ஆறும் முன்னே கை கழுவி எல்லோரும் வந்து உட்காருங்கள் இப்போதே இங்கே." பென்னி விரல் மடக்கி எண்ணிப் பார்த்துச் சிரிப்பான். மிரியம் கண்ணை உருட்டுவாள்.

4

பதின்மூன்று வயது முடிந்தால் பிள்ளை பெரியவர்களில் ஒருத்தியாகக் கணக்கு. சபைமுன் நின்று சுருளிலிருந்து வாசிக்க வேண்டும். யாங்கூன் கோயிலில் ஆண்கள் மட்டும்தான் பத்தில் சேர்த்தி. டேனியல் குடும்ப வழியில் பெண்களும் சேர்த்தி. மிரியம் எட்டு மாதம் படித்துத் தயாராகியிருந்தாள். பத்துப் பேருக்கு எங்கே போவது?

என் மாமனார் பிடிவாதக்காரர். எனக்கு அவரைப் பிடிக்கும், நானும் அப்படித்தான். "பத்துப் பேரைச் சேர்க்க வழியில்லாத வாழ்க்கை யூத வாழ்க்கை இல்லை. நீங்கள் வண்டி நிறுத்தித் தங்கும் மைதானத்தில் பத்துப் பேர் கூடினால் இனி வாய் திறக்க மாட்டேன். கூடாவிட்டால் வண்டியை விற்றுவிட்டு, ஜனவரியில் பிள்ளைகளை எங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்க்க வேண்டும்" என்றார். முழங்காலில் அறுவை செய்து படுத்திருந்ததால் அவரும் மாமியாரும் வர முடியாது. டேனியல் என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன். நான் சரி என்றால் அவர் கவலைப்படத் தொடங்கிவிடுவார்.

எங்களைப்போல வண்டியில் வாழும் யூதக் குடும்பங்கள் நாங்கள் மட்டுமல்ல. ஒரு மாதம் போன் போனாகப் பேசினேன். டென்னசி மலைப்பக்கம் ஓர் ஏரிக்கரை மைதானத்துக்கு வருவதாக ஏழு பேர் ஒப்புக்கொண்டார்கள். தங்கள் வண்டியிலேயே சின்னச் சுருள் வைத்திருக்கும் சாம், ரூத் என்ற வயதான தம்பதி, வளர்ந்த பிள்ளைகள் இருவரோடு ஒரு குடும்பம், தனியாள் ஒருவர். ஏழோடு டேனியல், மிரியம், நான். சரியாகப் பத்து. ஒருவருக்குச் சளி பிடித்தாலும் ஒன்பது.

அதே வாரத்தில்தான் குமரன் இன்னொன்றும் சொன்னான். "யாக்குவெட் ஆபீஸ்ல நம்ம பேட்டை வீட்டுப் பட்டியலைத் திருத்துறாங்க. உங்க பேரு இன்னும் நம்ம வீட்லதான் இருக்கு. அடிச்சிரலாமான்னு லூஜி கேக்குறாரு. நான் பொறுங்கன்னு சொல்லிருக்கேன்."

பேட்டைத் தலைவர் பொறுக்கட்டும் என்றேன். இங்கே என் நிரந்தர முகவரி என்பது ஒரு தபால் கடையின் பெட்டி எண். அந்த ஊரில் நான் தூங்கியது மொத்தம் இரண்டு இரவு. பிள்ளைகளை வீட்டில் படிக்கவைக்கிறோம் என்று எழுதிக் கொடுக்கும் கடிதம், ஓட்டுநர் உரிமம், எல்லாவற்றிலும் அந்தப் பெட்டிதான். 'இந்த முகவரியில் எத்தனை வருஷமாக வசிக்கிறீர்கள்' என்று கேட்கும் கட்டத்தில் எழுதும்போதெல்லாம் கை கூசும். போட்டாதாங்கில் பட்டியலில் ஒரு பெயர் இருப்பது எனக்குத் தேவையாக இருந்தது.

5

வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் எங்கள் ஓய்வுநாள் தொடங்கும், அதற்குமுன் வண்டி நின்றுவிட வேண்டும். சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை ஓட்டக்கூடாது, எழுதக்கூடாது, போனைத் தொடக்கூடாது. விளக்கேற்ற வேண்டிய நேரத்தை ஊர்வாரியாகப் பட்டியலிட்டு அலமாரிக் கதவில் ஒட்டுவது என் பொறுப்பு. நான்கு வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறவில்லை என்று பெருமை வேறு.

அந்த வெள்ளி நல்ல மழை, மேகம் மூடி வெயிலே இல்லை. என் போனை மதியமே அணைத்து இழுப்பறையில் போட்டுவிட்டேன். மலைக்குள் டேனியலின் போனுக்குச் சிக்னல் இல்லை. "நேரம் இருக்கிறதா?" என்று கேட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து. பட்டியலில் விளக்கு நேரம் ஆறே முக்கால். "தாராளமாக" என்றேன். மைதானத்துக்கு மூன்று மைல் முன்னால் ஊர் முகப்பில் ஒரு துணி துவைக்கும் கடையைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னேன். நாளைக்கு மிரியம் போட வேண்டிய வெள்ளைச் சட்டை அழுக்குக் கூடையில் இருந்தது.

சட்டை சுழன்று காய்ந்து வெளியே வரும்போது கடைச் சுவரில் மணி ஆறு ஐம்பத்தெட்டு. கல்லாவில் இருந்த அம்மாளிடம் நான் கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன், "உங்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது."

"அது சரியாகத்தான் ஓடுகிறது. அந்த மேட்டைத் தாண்டினதும் ஒரு மணி கூடிவிடும். நீங்கள் மேற்கேயிருந்து வருகிறீர்களா?" என்றார்.

இந்த நாட்டில் வழியிலேயே நேரம் மாறும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பூகோளப் பாடத்தில் பென்னிக்கு நானேதான் சொல்லிக்கொடுத்தேன். சுவர்க் கடிகாரத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. விளக்கு நேரம் போய்விட்டது. சூரியன் மறைய ஐந்தே நிமிஷம். ஏரிக்கரைக்குப் போகிற மூன்று மைலும் வளைந்து ஏறும் பாதை, எங்கள் வண்டிக்கு இருபது நிமிஷம் ஆகும்.

டேனியல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கடைப் போனில் சாமைக் கூப்பிட்டு, "காலையில் நடந்து வருகிறோம்" என்றார். நடக்கவும் எல்லை உண்டு, ஊரை விட்டு வெகுதூரம் போகக்கூடாது. இங்கே ஏரிக்கரைவரை வீடுகள் விடாமல் தொடர்வதால் எல்லாம் ஒரே ஊர்க் கணக்கு என்று சாம் சொன்னார். அந்த ஒன்றில் தப்பித்தோம்.

கடை வாசலில் 'இரவில் வண்டி நிறுத்தக் கூடாது, மீறினால் இழுத்துச் செல்லப்படும்' என்று பலகை. மூன்று நிமிஷம் இருந்தது. அப்போது நான் என்ன செய்தேன் என்பது உங்களுக்குப் புரியும், அமெரிக்காவில் யாருக்கும் புரியாது. ஒரு தாளை எடுத்து விருந்தாளிப் பட்டியல் எழுதினேன். பெயர், அப்பா பெயர், வயது, உறவுமுறை, எங்கிருந்து வந்தோம், எத்தனை இரவு, எதற்காக. கீழே கையெழுத்து. நம் ஊரில் சித்தப்பா வந்து ஒரு ராத்திரி தங்கினாலும் லூஜியிடம் போய்ப் பதிந்துவிட்டு வருவோமே, அதே மாதிரி. அதைக் கல்லா அம்மாளிடம் நீட்டினேன்.

அவர் முழுவதும் படித்தார். "இதை நான் என்ன செய்வது?"

"யாராவது வந்து கேட்டால் காட்டுங்கள். நாளை இரவு போய்விடுவோம்."

"இதுவரை யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை" என்று சொல்லி, அதைக் கதவின் கண்ணாடியில் ஒட்டினார். நான் ஓடிப்போய் விளக்கேற்றினேன்.

6

சனி காலை நடந்தோம். ஓய்வுநாளில் தெருவில் எதையும் சுமந்து செல்லக்கூடாது. தண்ணீர் பாட்டில் இல்லை, குடை இல்லை. வண்டிச் சாவியைக்கூட டேனியல் இடுப்பு வாரின் கொக்கியாகக் கோத்து உடுத்திக்கொண்டுதான் வந்தார். இவர்களுக்கெல்லாம் அது வழக்கம். எனக்குத்தான் கை அரித்தது. யாங்கூன்காரி நான். எங்கே போனாலும் எல்லாக் காகிதத்துக்கும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போகிறவள். மதம் மாறிய சான்றிதழ் எப்போதும் என் பையில் இருக்கும். சாம் பழைய காலத்து மனிதர். "இவளையும் சேர்த்தா பத்து?" என்று கேட்டுவிட்டால் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. அந்த மூன்று மைலும் எனக்கு அதே பயம்தான். என் ஒருத்தியால் ஒன்பதாகிவிட்டால் எட்டு மாதப் படிப்பும் போச்சு, வண்டியும் போச்சு.

மிரியம் என் பக்கத்தில் நடந்தாள். "அம்மா, பத்துப் பேர் வரவில்லை என்றால் எனக்கு அலமாரி கிடைக்கும்" என்றாள்.

"கிடைக்கும்."

"உனக்குக் கோபமா?"

"இல்லை. உனக்கு வேண்டியதை நீ ஒளிக்காமல் சொல்கிறாய். அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் நான் தோற்கப்போவதில்லை, அதையும் ஒளிக்கவில்லை."

அவள் சிரித்தாள். கொஞ்ச தூரம் போனபின், பென்னி கால் வலிக்கிறது என்றதும், அவளே கதை சொல்லி அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

7

ஏரிக்கரையில் மடக்கு மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, சுருளை வைத்திருந்தார்கள். ஏழு பேரும் நின்றார்கள். ஒருவருக்குச் சளி பிடித்துத்தான் இருந்தது, போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டார். சாம் எங்களைப் பார்த்துவிட்டு, "எண்ண வேண்டும்" என்றார். வசனத்தைச் சொல்ல வாயெடுத்தவர், ஏதோ நினைத்து நிறுத்தினார். "இன்றைக்குப் பெரியவளானவள் எண்ணட்டும்" என்று மிரியத்தைக் கூப்பிட்டார்.

மிரியம் முன்னால் வந்தாள். வேத வசனம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அதைச் சொல்லப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நின்றோம். அவள் ரூத்தைப் பார்த்து, "சோறு" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. டேனியலுக்கும் பென்னிக்கும் எனக்கும்தான் விளங்கியது.

சாமைப் பார்த்து, "ஆறும்." அந்தக் குடும்பத்து நால்வரிடம், "முன்னே, கை, கழுவி, எல்லோரும்." ழகரம் கொஞ்சம் வழுக்கியது, பரவாயில்லை. போர்வைக்காரரிடம், "வந்து." அப்பாவிடம், "உட்காருங்கள்." தன் நெஞ்சைத் தொட்டு, "இப்போதே."

பிறகு என்னிடம் வந்து, என் தோளில் கை வைத்து, "இங்கே" என்றாள்.

நான் அழுதேன், அதை மறைப்பானேன். சாம், "என்ன மொழி அது?" என்று மட்டும் கேட்டார். வேறு எதையும் கேட்கவில்லை. சுருளைத் திறந்தார். மிரியம் ஓரிடத்தில்கூடத் தடுமாறாமல் வாசித்தாள்.

இரவு நட்சத்திரம் வந்தபின் வண்டிக்குத் திரும்பினோம். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. என் பட்டியல் கடைக் கதவிலிருந்து எங்கள் முன்கண்ணாடிக்கு மாறியிருந்தது. அடியில் போலீஸ்காரர் யாரோ பேனாவால், 'பார்த்தேன். வாழ்த்துகள், மிரியம்' என்று எழுதியிருந்தார். எதற்காக என்ற கட்டத்தை நான் நிரப்பியது வீண்போகவில்லை.

8

மாமனார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வாய் திறக்கவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டார். மிரியம் என்னோடு தனியாகப் பேரம் பேசினாள். ஒன்பதாம் வகுப்புக்கு நிஜப் பள்ளி, அலமாரியோடு. அவள் இப்போது பெரியவள், பேரம் பேசலாம். சரி என்றேன். அதுவரை வண்டி ஓடும். அதுவரை தமிழ்ப் பாடமும் உண்டு என்றேன். அவள் கண்ணை உருட்டினாள்.

ஞாயிறன்று குமரன் கூப்பிட்டான். "அக்கா, இப்ப எங்க இருக்கீங்க?"

ஊர் பெயரைச் சொன்னேன்.

"பத்துப் பேரு வந்தாங்களா?"

"வந்தாங்கடா. பத்தாவது ஆளு நான்தான்."

அவனுக்குப் பெயிண்ட் கடைக் கதை தெரியும். பிறகு மெதுவாக, "லூஜி நேத்தும் வந்தாரு. இன்னும் கொஞ்ச நாளு இழுத்துப் பாக்குறேன்" என்றான்.

"வேணாம் தம்பி" என்றேன். "என் பேரை அடிச்சிடச் சொல்லு."